ஐம்பத்தாறு கிலோவின் பங்காளிகள்

எடையளவுத் துறையின் வட்ட அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பதும், தேய்ந்த எடைக்கற்களைப் பறிமுதல் செய்வதும், சரியாக இருப்பவற்றில் முத்திரை குத்துவதும் வேலை. ஊரார் எடையை எல்லாம் கிராம் பிசகாமல் பார்த்தவர் தன் எடையை வெகுகாலம் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. வீட்டிலிருந்த தராசின் முள் நூற்றிருபதைத் தொட்டதும், இனி உன் பாடு என்பதுபோல் நின்றுவிடும். அலுவலகத்தில் அவருக்கு ‘டன்’ என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது ‘டன் சார்’. மரியாதை விஷயத்தில் அந்த அலுவலகம் யாருக்கும் குறை வைத்ததில்லை.

டன் சாரின் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அபராதம் கட்ட வந்த கடைக்காரர்கூட ரசீதை வாங்கிக்கொண்டு, “காலைல வெந்நீர் குடிச்சுப் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் வெந்நீர் குடித்துப் பார்த்திருந்தார். வேகவைத்த காய்கறி தின்று பார்த்திருந்தார். நடந்து பார்த்திருந்தார். இறங்கிய எடை, உறவினரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். ஏறுகிறவர்கள் அந்த இடத்தை ஒரு பார்வை அளந்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொள்வார்கள். அலுவலகத்தில் கைப்பிடி வைத்த நாற்காலிக்குள் இறங்கினால் எழும்போது நாற்காலியும் கூட எழுந்தது. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று வேண்டும் என்று மனு கொடுத்தார். நாற்காலியின் அளவு பதவியைப் பொறுத்தது, உட்காருபவரைப் பொறுத்ததல்ல என்று பதில் வந்தது.

அறிவுரை சொல்லாத ஒரே ஆள் அவர் மனைவி. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். நிற்கும்போதெல்லாம் அவள் விழித்துக்கொண்டு, அது திரும்ப வரும்வரை காத்திருந்துவிட்டுப் புரண்டு படுப்பாள். ஒருநாள் காலையில், “எனக்குத் தூங்கணும்ங்க” என்று மட்டும் சொன்னாள். அன்றுதான் அவர் டாக்டரைப் பார்க்கப் போனார்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு சிறிய டம்ளர் அளவு. முதல் சில வாரங்கள் சூப்பைக் கரண்டி கரண்டியாகக் குடித்தார். பிறகு மசித்தது, பிறகு மெல்லியது. பாதி முட்டையைத் தின்ன இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு வாய் கூடினால் மூக்கு ஒழுகும், நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் இருக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. மேல்கையில் தோல் தொங்கியது. எடை மட்டும் மாதாமாதம் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. மனம்தான் பின்தங்கிவிட்டது. தாராளமாக நுழையக்கூடிய கதவுகளிலும் அவர் இன்னும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தார்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் முதல் சிக்கல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கண்காணிப்பாளர் அந்தச் சீட்டை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்.

“சார், சாப்பாட்டு இடைவேளைன்னு விதியில ஒண்ணுதான் இருக்கு. அரை மணி நேரம். அதை நீங்க ஆறா பிரிச்சுக்கலாம். ஒரு வேளைக்கு அஞ்சு நிமிஷம்.”

“பாதி முட்டைக்கே இருபது நிமிஷம் ஆகுது சார்.”

“அப்ப எட்டுல ஒரு பங்கு முட்டை கொண்டாங்க.”

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. விதிக்கும் மனிதனுக்கும் தகராறு வந்தால் மனிதன் வளைந்து கொடுப்பான் என்ற அனுபவம் அவருக்கு இருந்தது, அவ்வளவுதான். டன் சார் கோப்பு அறையில் அலமாரிகளுக்கு நடுவே நின்று சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ‘இலகுத் துறை இயக்கம்’ என்ற ஆணை வந்தது. நாட்டின் எடையைச் சரிபார்க்கும் துறை தன் எடையைக் குறைத்துக்காட்ட வேண்டும். ஒவ்வொரு ஊழியரும் ஓராண்டுக்குள் எடை இறங்கியிருக்க வேண்டும். முதலிடம் பெறும் அலுவலகத்துக்குக் கேடயம். தொடக்க விழாவில் அலுவலகத்தின் பெரிய அதிகாரி பேசினார். அவர் முன்னால் இருந்த தட்டில் இனிப்பு மூன்று வகை, பொரித்தது இரண்டு வகை.

“நம்ம ஒவ்வொருத்தர் உடம்பும் ஒரு எடைக்கல் மாதிரி. சரியான அளவுல இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆனா குறையணும். ஏன்னா ஆணை அப்படி.”

எல்லோரும் கைதட்டினார்கள். தானிய மூட்டை நிறுக்கும் மேடைத் தராசை வரவேற்பறைக்கு இழுத்து வந்து, வரிசையில் நின்று ஏறி இறங்கினார்கள். டன் சாருக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளின் எடையையே தொடக்கமாக எழுதிக்கொண்டார்கள். நூற்று நாற்பத்திரண்டு. மாதந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடந்தது. எடைக் குறைப்பைப் பற்றி விவாதிப்பது பசியைக் கிளப்புகிற வேலை என்பதால் கூட்டத்துக்குச் சிற்றுண்டி ஏற்பாடாயிற்று. சிற்றுண்டி சரியில்லை என்று புகார் வந்ததால் அதற்கென ஒரு துணைக்குழு அமைந்தது. இயக்கத்திலேயே சுறுசுறுப்பாக இயங்கியது அந்தத் துணைக்குழுதான்.

ஆண்டு முடிவில் மீண்டும் எல்லோரையும் நிறுத்துப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் முடிவை எடுத்துக்கொண்டு பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் டன் சாரையும் கூப்பிட்டார்கள்.

“மொத்தமா பார்த்தா நாம எல்லா ஆபீஸையும் தாண்டிட்டோம் சார்” என்றார் கண்காணிப்பாளர். “தனித்தனியா பார்த்தாத்தான் கொஞ்சம் உதைக்குது. இவர் ஐம்பத்தாறு கிலோ இறங்கியிருக்கார். மத்தவங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கோம்.”

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மட்டும் ஏழு கிலோ ஏறியிருந்தார்.

“ஒரே ஆள்கிட்ட இவ்வளவு எடைக் குறைப்பு குவிஞ்சு கிடக்கறது நல்ல போக்கு இல்ல.”

“குவியல சார், போயிடுச்சு” என்றார் டன் சார்.

“எடை உங்க உடம்புல இறங்கியிருக்கு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அது இறங்கறதுக்கான சூழலை உண்டாக்கினது யாரு?”

“டாக்டர் சார்.”

“நான் லீவு குடுக்கலேன்னா அந்த டாக்டர் யாரை வெட்டியிருப்பார்?”

டன் சாரிடம் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததைக் கண்காணிப்பாளர் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்.

பங்கீடு இரண்டு நாள் நடந்தது. பெரிய அதிகாரியின் ஏற்றத்தைச் சரிக்கட்டி, அதற்கு மேல் அவர் பதவிக்கு ஏற்ற இறக்கமும் காட்ட வேண்டியிருந்ததால் பதினெட்டு கிலோ அவருக்கே போயிற்று. கண்காணிப்பாளர் ஐந்து எடுத்துக்கொண்டார். மிச்சம் மற்றவர்களுக்கு. கணக்கர், தன் மேசைக்கு அடுத்த மேசைக்காரருக்கு அரைக் கிலோ கூடுதலாகப் போனது என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஜீப் ஓட்டுநர், “எனக்கு வேண்டாம் சார், ஏற்கெனவே சட்டை ஆணியில தொங்கற மாதிரி இருக்கு” என்று மறுத்தார். அவர் பங்கைக் கணக்கருக்குத் தந்து சமாதானம் செய்தார்கள். காலையில் வரும்போது சிலர் டன் சாருக்கு வணக்கம் வைத்து, “நல்லா இறக்கினீங்க சார், எனக்கு ஒரு ரெண்டு பார்த்துப் போடச் சொல்லுங்க” என்று காதோரமாகக் கேட்டார்கள். அத்தனை வருடத்தில் அவருக்கு இவ்வளவு வணக்கம் கிடைத்ததில்லை.

தட்டச்சு செய்யும் அம்மாள் மட்டும் வாங்கவில்லை. அவரும் பருத்த உடம்புக்காரர். டன் சாரை ஒருநாளும் ‘டன்’ என்று சொல்லாதவர். “அது அவரோடது சார். நான் எப்படி எடுத்துக்கறது?” என்றார். அவருக்கு எதிரே சுழியம் போட்டார்கள்.

எல்லாம் போக டன் சாருக்கு இரண்டு கிலோ மிஞ்சியது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

“அப்ப ஆபீஸ் கணக்குல நீங்க இப்ப எவ்வளவு?”

“நூத்தி நாப்பது.”

“வீட்டுக்கு?”

“எண்பத்தாறு.”

“அப்ப சாப்பாட்டை ஆபீஸ் கணக்குக்குச் செய்யணுமா, வீட்டுக் கணக்குக்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் அவர் முன்னால் சின்னக் கிண்ணத்தை வைத்தாள்.

கேடயம் வழங்கும் விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. பதினொரு கிலோ இறங்கிய பெரிய அதிகாரியை மேடைக்கு அழைத்தார்கள். படிக்கட்டில் ஏற இருவர் கைகொடுத்தார்கள். ரகசியத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“நிறைய பேர் எடை குறைக்கறது கஷ்டம்னு நினைக்கறாங்க. எனக்குக் கஷ்டமே தெரியல. ஒரு பசி இல்ல, ஒரு களைப்பு இல்ல. காரணம் என்ன? நிர்வாகம். தகுதியான ஆளைக் கண்டுபிடிச்சு வேலையை ஒப்படைக்கணும். அவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது. பலன் வந்ததும் முன்னால நிக்கணும். நான் முப்பது வருஷமா அப்படித்தான்.”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. டன் சாரும் தட்டினார். ஒரு கையில் முட்டை டப்பா இருந்ததால் மறு கையால் தொடையில் தட்டினார்.

அதன் பிறகு அவர் வாழ்க்கை காகிதத்தின்படி நடக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு குறிப்பாணை. ‘அலுவலகமே இலகுவாகியிருக்கும் நிலையில் தாங்கள் இரண்டு கிலோ மட்டுமே குறைந்திருப்பது முயற்சியின்மையைக் காட்டுகிறது. விளக்கம் தருக.’ பிறகு ஜீப். எடைக்கல் பெட்டிகளோடு நூற்று நாற்பது கிலோ ஆளையும் ஏற்றினால் வண்டியின் கொள்ளளவு மீறும் என்று கண்டுபிடித்து, அவரைப் பேருந்தில் போகச் சொன்னார்கள். ஜீப்பில் அவர் இடத்தில் கணக்கர் ஏறிக்கொண்டார். வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து போவதை டன் சார் நிறுத்தத்தில் நின்று பார்த்தார். பேருந்தில் அவர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அது மட்டும் அன்று நன்றாக இருந்தது.

கடைசியாக நாற்காலி வந்தது. நூற்று நாற்பது கிலோ ஊழியருக்குச் சாதாரண நாற்காலி ஆபத்து என்று யாரோ குறிப்பு எழுத, இரும்புச் சட்டம் போட்டு அகலமாகச் செய்த நாற்காலியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அவர் அதில் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் கோப்புகள் வைக்க இடம் இருந்தது. அவரை அடையாளம் தெரியாமல் உள்ளே வந்த ஒரு கடைக்காரர், “தம்பி, இங்க உக்கார்ற பெரியவர் எப்ப வருவார்?” என்று கேட்டார். “வந்துடுவார், இருங்க” என்று டன் சார் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

இவ்வளவையும் அவர் பொறுத்துக்கொண்டார். உயிர் பிழைத்தவனுக்கு நாற்காலி ஒரு பொருட்டா என்று மனைவியிடம் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டார்கள். தட்டச்சு அம்மாளின் விண்ணப்பம் திரும்பி வந்த அன்றுதான் சிரிப்பு நின்றது.

அந்த அம்மாள் அதே அறுவை சிகிச்சைக்காக விடுப்பும் மருத்துவ உதவியும் கேட்டிருந்தார். பதில் இப்படி வந்தது: ‘இதே சிகிச்சை பெற்ற இவ்வலுவலக ஆய்வாளர் இரண்டு கிலோ மட்டுமே குறைந்துள்ளார். சிகிச்சையே பெறாத பிறர் அதைவிட அதிகம் குறைந்துள்ளனர். எனவே மேற்படி சிகிச்சை பயனற்றது எனத் துறையின் அனுபவத்தில் தெரிகிறது. நிராகரிக்கப்படுகிறது.’

மாடிப்படியின் திருப்பத்தில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரில் காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் வலிக்காக அவர் அந்தத் திருப்பத்தில் தினமும் நிற்பார்.

“உங்களைக் குறை சொல்லல சார்” என்றார்.

“நான் ஒத்துக்கிட்டதுதானே மேடம். வாயைத் திறந்திருக்கலாம்.”

“ஒண்ணு சொல்லட்டுமா? முன்னாடி நீங்க இந்தப் படி ஏறும்போது மூச்சு வாங்கறது எனக்குக் கேட்கும். என் மூச்சோட சேர்ந்து கேட்கும். ஒரு துணை மாதிரி இருக்கும். இப்ப என்னோடது மட்டும் தனியா கேட்குது.”

டன் சார் ஒரு படி இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“வீட்டுல ரெண்டாவது மாடி. இறங்கினா ஏறணுமேன்னு ஞாயித்துக்கிழமை கீழயே போறதில்ல. நீங்க சொல்லுங்க, அந்த ஆபரேஷன் எப்படி இருக்கும்?”

டன் சார் மறைக்காமல் சொன்னார். முதல் மாதம் பக்கத்து வீட்டில் எதையாவது வதக்கினால் கண்ணில் தண்ணீர் வரும் என்றார். வாந்தி வரும், முடி கொட்டும், தோல் தொங்கும், மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. விருந்துக்குப் போனால் வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

“வருத்தப்படறீங்களா?”

“காலைல ஷூ லேஸ் நானே கட்டறேன் மேடம். முதல் நாள் கட்டிட்டு, அவுத்துட்டு, மறுபடியும் கட்டினேன். ஆபீஸுக்கு லேட்டாயிடுச்சு.”

அந்த அம்மாள் சிரித்தார். பிறகு சிரிப்பு கலைந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டன் சார் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார். கதவில் பக்கவாட்டில் திரும்ப மறந்துவிட்டார்.

“சார், என் எடைக் குறைப்பு எனக்குத் திரும்ப வேணும்.”

பெரிய அதிகாரி கேடயத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது உங்க வயசுக்கு அழகா?”

“ஒரு அம்மாவுக்கு உடம்பு முடியல சார். என் கணக்கைக் காட்டி அவங்களை மறுத்திருக்காங்க.”

“நான் திருப்பிக் குடுத்தா என் எடை ஏறிடும். தலைமை அலுவலகத்துல என்ன நினைப்பாங்க? அவர் மறுபடி குண்டாயிட்டார்னு பேசுவாங்க. ஒரு மனுஷனை உடம்பை வச்சுக் கேலி பண்ற அளவுக்கு நீங்க போகலாமா?” என்றபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

“அப்ப என்னைத் திரும்ப நிறுங்க. தராசுல சந்தேகம் இருந்தா மறுபடி நிறுக்கச் சொல்லி யார் வேணா மனு குடுக்கலாம்னு நம்ம சட்டத்துலயே இருக்கு. வெளியில போற வர்ற எல்லாரையும் கூப்பிட்டு வச்சு நிறுங்க. இல்லேன்னா நானே தெருவுல மேடைத் தராசை வச்சு ஏறி நிக்கறேன்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதிகாரி தேநீரைப் பாதியில் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மணியை அடித்தார். கண்காணிப்பாளரை அழைத்தார்கள்.

கண்காணிப்பாளர் மேடைத் தராசை உருட்டிவரச் செய்தார். டன் சார் ஏறினார். எண்பத்தாறு. இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்கள். எண்பத்தாறு. காகிதத்திலோ நூற்று நாற்பது. இடையில் ஐம்பத்து நான்கு கிலோ, யாருக்கும் கொடுத்ததாக எழுத முடியாதது, யாரிடமிருந்தும் திரும்ப வாங்க முடியாதது. கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த இரும்பு மேடையையே பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“சார், இரும்பு எடைக்கல் புழக்கத்துல தேயுது இல்லையா? அந்த மாதிரி எழுதிடலாம். ‘கடந்த ஆண்டு சோதனைக்கும் இந்தச் சோதனைக்கும் இடையில் புழக்கத்தினால் ஏற்பட்ட இயல்பான தேய்மானம், ஐம்பத்து நான்கு கிலோ.’ யார் எடையையும் தொட வேண்டாம்.”

பெரிய அதிகாரி மனக்கணக்குப் போட்டார். உதடுகள் அசைந்தன. “அப்படின்னா நம்ம ஆபீஸ், போன வருஷம் இறங்கினது போக, இந்த வருஷம் இன்னொரு ஐம்பத்து நாலு இறங்கியிருக்கு.”

“ஆமா சார். வருஷம் பிறந்து மூணு மாசம்தான் ஆகுது.”

“இரண்டாவது கேடயம்” என்றார் பெரிய அதிகாரி, கோயில் கதவு திறந்ததுபோல் மெல்லிய குரலில்.

தேய்ந்த எடைக்கல்லைப் புழக்கத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது விதி ஆயிற்றே, இவரை என்ன செய்வது என்று கணக்கர் ஒரு கேள்வி எழுப்பினார். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. மறுசோதனையில் சரியாக இருந்ததால் மறுமுத்திரையோடு தொடரலாம் என்று முடிவாயிற்று. முத்திரைக் கருவி உள்ளே இருந்து வருவதைப் பார்த்த டன் சார் சற்றுப் பின்வாங்கினார். காகிதத்தில் குத்தினால் போதும் என்று கண்காணிப்பாளர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஐம்பத்தாறு கிலோ குறைந்திருப்பது இப்போது காகிதத்திலும் ஏறிவிட்டதால், தட்டச்சு அம்மாளின் விண்ணப்பத்தை மறுக்க முடியவில்லை. ஒரே வாரத்தில் அனுமதி வந்தது. ஏன் அவ்வளவு வேகம் என்பது மறுநாள் ஒட்டிய சுற்றறிக்கையைப் பார்த்ததும் தெரிந்தது. ‘தட்டச்சர் இனி இழக்கவிருக்கும் எடையில் பங்கு கோருவோர் வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கவும். பதவி வாரியாக முன்னுரிமை. தலைமை அலுவலகத்துக்கு எட்டு கிலோ ஒதுக்கப்பட்டுள்ளது.’

டன் சார் அதைக் கிழிக்கப் போனார். தட்டச்சு அம்மாள் தடுத்தார். “இருக்கட்டும் சார். அவங்க காகிதத்தை வாங்கிக்கட்டும். நான் படி ஏறிக்கறேன்.”

சிகிச்சை நாளன்று டன் சாரும் அவர் மனைவியும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனார்கள். மனைவி அந்த அம்மாளின் செருப்பையும் கண்ணாடியையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து எடை பார்த்து எழுதிக்கொண்டு, பயத்தைப் போக்குவதற்காக முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“தைரியமா இருங்கம்மா. ஒரு வருஷத்துல எவ்வளவு இறங்கணும்னு ஆசைப்படறீங்க?”

தட்டச்சு அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

“எல்லாருக்கும் குடுத்தது போக என் பங்குக்கு எவ்வளவு மிஞ்சும்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேம்மா” என்றார்.